பதில் போடாத ஒரே கமெண்ட்

புதன்கிழமை காலையில் பனியன் கம்பெனிக்குள் நுழைந்ததுமே சித்ராதேவிக்குக் கை பரபரவென்றிருந்தது. பையை மேசைமேல் போட்டாள், கம்ப்யூட்டரைப் போட்டாள், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நேரே யூடியூப்தான்.

விட்ட இடம் ஞாபகமிருக்கிறதல்லவா? போன வாரம் பத்திரிகையைப் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டுபோய்த் திருப்பித் தராதவர்களுக்காக இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். சித்ராவின் கணவர் கன்னையன் குடைக் கட்சி. அவளுடைய ஒரே தம்பி நாச்சிமுத்து சீப்புக் கட்சி. (இரண்டும் என் சொந்தத் தயாரிப்பு. எந்தக் கட்சியைச் சொல்கிறாய் என்று யாரும் கிளம்பி வரவேண்டாம்.) அந்தத் தேர்தல் சமயத்தில் வேலம்பாளையத்தில் தங்கள் தெரு எப்படி இரண்டாகக் கிழிந்துகிடக்கிறது என்பதைச் சித்ரா ஒரு வீடியோவாக எடுத்தாள். ஒரே டீக்கடையில் கட்சிக்கொரு பெஞ்சு, காதுகுத்துப் பந்தியில்கூட கட்சி பார்த்து இலை, எல்லாம் அதில் இருந்தது. தம்பியும் அதில் பேசியிருந்தான்.

வீடியோ ஏறியது. ஓட்டு எண்ணினார்கள். குடைக் கட்சி ஜெயித்தது. கன்னையனின் கூட்டாளிகள் நாச்சிமுத்துவின் எம்பிராய்டரி யூனிட் வாசலிலேயே சரவெடியைக் கொளுத்தினார்கள். அன்றோடு தம்பி பேச்சை நிறுத்திக்கொண்டான். அக்கா போன் செய்தால் எடுப்பதில்லை.

வெள்ளிக்கிழமை அந்தத் தம்பிக்குத்தான் கல்யாணம்.

கொங்குநாட்டுக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. பெண்ணுக்கு எடுத்த கூறைச்சேலையின் ஒரு முனையை மாப்பிள்ளையும் மறு முனையை அவன் கூடப்பிறந்தவளும் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். தாலி கட்டுவதற்கு முன்னால் ஊரறிய நடக்கிற சீர் அது. இவன் என் கூடப்பிறந்தவன், இவள் என் கூடப்பிறந்தவள் என்று நாலு பேர் முன்னால் சொல்கிற இடம். அந்த இடத்தில் பொள்ளாச்சிப் பெரியம்மா மகளை நிறுத்திக்கொள்வதாக நாச்சிமுத்து சொல்லிவிட்டான். சொந்த அக்கா குத்துக்கல்லாட்டம் உயிரோடு இருக்கும்போது!

"அக்கா, ஓடி வாங்க! சிங்கப்பூர்க்காரர் பதில் போட்டுட்டாரு!" என்று கத்திக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டாள் ஷைமா. சித்ராவுக்கு உதவியாக வேலை பார்க்கிற பெண். வீடியோவுக்குக் கேமரா பிடித்ததும் அவள்தான்.

"நான் உன்ற பக்கத்துலதாண்டி ஒக்காந்திருக்கேன். கத்தாதே. என்ன போட்டிருக்காரு?"

அந்தச் சிங்கப்பூர்க்காரர் போன வாரம், கட்சிச் சண்டையில் அப்பாவோடு பேசியே பல வருஷமாகிறது என்று எழுதியிருந்தார். அதற்குச் சித்ரா, 'இன்றைக்கு ஒரு போன் போடுங்கள். அரசியல் வேண்டாம். சாப்பிட்டாச்சா என்று மட்டும் கேளுங்கள்' என்று பதில் போட்டிருந்தாள்.

ஷைமா வாசித்தாள். "'கேட்டேன் சகோதரி. தக்காளிச் சோறுன்னு சொன்னார். உப்பு பத்தலைன்னும் சொன்னார். அரைமணி நேரம் பேசினோம். இப்ப அழுதுட்டே எழுதறேன்.' யா அல்லா! அக்கா, எனக்குப் புல்லரிக்குது!"

சித்ராவுக்கும் கண் கலங்கிவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எவருடைய வீட்டையோ சேர்த்துவைக்கத் தெரிந்தவளுக்குத் தன் வீட்டைச் சேர்த்துவைக்கத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் மெர்ச்சண்டைசர். ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டு பையருக்கும் உள்ளூர் தையல் லைனுக்கும் நடுவே நின்றுகொண்டு இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற உத்தியோகம். சாம்பிள் அனுப்பினால் பையர் கமெண்ட் எழுதுவான். காலர் அகலம், தோளில் இழுக்கிறது, நூல் கலர் ஒட்டவில்லை என்று வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் மரியாதையாகப் பதில் போக வேண்டும். ஒன்றே ஒன்றுக்குப் பதில் போகாவிட்டாலும் அப்ரூவல் கிடையாது, துணியை கட்டிங் போடமுடியாது. பத்து வருஷமாக இதே வேலை. கை பழகிவிட்டது. வீடியோவுக்கு வந்த கமெண்டுகளுக்கும் அம்மணி அப்படியே பதில் எழுத ஆரம்பித்துவிட்டாள்.

"இவனைப் பாருங்கக்கா. 'பனியன் கம்பெனிப் பொம்பளைக்கு அரசியல் எதுக்கு, போய் பட்டன் கட்டு'ங்கறான்."

"எழுது. 'ஐயா, தங்கள் கமெண்ட் கிடைத்தது. பட்டன் கட்டுகிற வேலை மெஷினுக்குப் போய்விட்டது. எனக்கு ஓட்டு மட்டும் இருக்கிறது. நன்றி.'"

"இவனுக்கெல்லாம் நன்றி ஒரு கேடா?"

"பையர் நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி கேட்டாலும் தேங்க்ஸ் போடறோமில்லடி? அது மாதிரிதான்."

இந்த மரியாதையைப் பார்த்தே முக்கால்வாசிப் பேர் அடங்கிப்போனார்கள். 'குடைக்கு ஜால்ரா' என்று ஆரம்பித்த ஒருவன் நாலாவது பதிலில் 'சரிங்க அக்கா, கோவத்துல எழுதிட்டேன்' என்று வந்து நின்றான். பார்க்கிற கூட்டம் ஏறிக்கொண்டே போனது. துபாயில் இருந்து, மலேசியாவில் இருந்து, நம் காங்கயத்தில் இருந்தெல்லாம் எழுதினார்கள். ஷைமாவுக்கு வேலையே ஓடவில்லை.

ஆனால் ஒரே ஒரு கமெண்டைத் தொடாமல் வைத்திருந்தாள் சித்ரா. 'காத்தாடி' என்ற பெயரில் யாரோ போட்டது. 'உங்க தம்பி பேசறதை எதுக்குங்க பாதியில வெட்டினீங்க?'

அதற்குக் கீழே இன்றைக்குப் புதிதாக இன்னொரு வரி. 'இன்னும் பதில் வரலீங்க. நாள் நெருங்குது.'

"நாள் நெருங்குதா? யாருக்கு?" என்றாள் ஷைமா.

"வேற யாரு? என்ற தம்பியேதான். இல்லாட்டி அவன் கூட்டாளி எவனாச்சும். போனை எடுத்துப் பேசறதுக்கு வாய் வராது, இங்க வந்து குத்திக்காட்டறான்."

"பதில் போட்ரலாமாக்கா?"

"என்னன்னு போடறது? பத்து நிமிசத்துக்கு மேல யூடியூப்ல ஏத்தமுடியாது, வெட்டினோம். இதெல்லாம் ஒரு கேள்வியா?" என்று வெடுக்கென்று சொன்னாள் சித்ரா. (அப்போதெல்லாம் யூடியூபில் பத்து நிமிஷம்தான் கணக்கு.) சொன்னாளே தவிர, அந்த வரியை விட்டுக் கண் நகரவில்லை.

மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது அம்மா தெய்வாத்தாள் போன் செய்தாள்.

"கண்ணு, பந்தல் போட ஆள் வந்தாச்சு. நீ வெள்ளிக்கிழமை நேரா மண்டபத்துக்கு வந்துரு. உன்ற ஊட்டுக்காரரையும் கூட்டியாந்துரு. எதுக்கும் கொஞ்சம் பின்னால ஒக்காந்துக்குங்க."

"பின்னாலயா? நான் என்ன சமையக்காரர் கூட வந்தவளாம்மா?"

"எங்கிட்ட கோவிச்சு என்னத்துக்கு ஆவுது? அவன்கிட்ட சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது. 'அக்காளே என்னை ஊருக்கு முன்னால கெட்டவனாக்கிட்டா'ங்கறான். அப்பறம் வாயே தொறக்கறதில்லை."

"வெடி வெச்சவன் எவனோ. நானா வெச்சேன்?"

"வெடியைப் பத்தி அவன் ஒரு நாளும் பேசலையே அம்மிணி."

சித்ரா கையிலிருந்த சோற்று உருண்டையைத் திரும்ப டப்பாவிலேயே போட்டாள். வெடி இல்லையென்றால் வேறென்ன? ஊருக்கு முன்னால் கெட்டவன் ஆக்கினாளா? எப்போது? கம்ப்யூட்டர் திரையில் காத்தாடியின் கேள்வி அப்படியே நின்றுகொண்டிருந்தது. "ஷைமா அண்ணன் கடைக்குப் போறேம்மா, அப்பறம் பேசறேன்" என்று போனை வைத்தாள்.

"ஷைமா, வண்டிச் சாவியை எடு. உங்கண்ணன் கடைக்குப் போலாம்."

"இப்பவா? மூணு மணிக்கு டென்மார்க்காரனோட போன் கால் இருக்கே!"

"டென்மார்க்காரன் கண்ணாலமா நாளான்னைக்கு நடக்குது? வாடீன்னா!"

மேனேஜரிடம் தலைவலி என்று சொன்னாள் சித்ரா. ஷைமாவும் தலைவலி என்றாள். இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் ஒரே தலைவலியா என்று அவர் யோசிப்பதற்குள் ஸ்கூட்டி கேட்டைத் தாண்டிவிட்டது.

ஷைமாவின் அண்ணன் முகமது ரபீக் கல்யாண வீடியோ எடுப்பவன். வேலம்பாளையத்தில் ஒற்றை அறை ஸ்டுடியோ வைத்திருந்தான். சித்ராவின் வீடியோவை வெட்டி ஒட்டிக்கொடுத்ததும் அவன்தான். விஷயத்தைக் கேட்டதும் முழு கேசட்டையும் தேடியெடுத்துப் போட்டான்.

"இந்தா வருது பாருங்க. நாம ஏத்தினது இதுவரைக்கும்தான்."

திரையில் நாச்சிமுத்து. கட்சிக்கரை வேட்டி, சிவந்த முகம். "குடைக்காரன் ஒருத்தனைக்கூட எங்க ஊட்டு வாசப்படி மிதிக்க உடமாட்டனுங்க!" என்று கையை உயர்த்துகிறான். வீடியோவில் அதோடு முடிந்திருந்தது. அடுத்து டீக்கடை வந்துவிடும்.

கேசட்டில் முடியவில்லை. அவன் மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தான்.

"எங்க மச்சானைத் தவுத்து. அவரும் அந்தக் கெரகம் புடிச்ச கட்சிதான். ஆனா அவரு வந்தா நானே நாற்காலி எடுத்துப் போடுவேன். எங்கக்கா புருசனுங்க அவரு. எங்கப்பன் போனப்பொறகு எங்கக்காதான் கம்பெனிக்குப் போயி என்னைப் படிக்க வெச்சா. கட்சி இன்னிக்கு வரும், நாளைக்குப் போவும். அக்கா எனக்கு ஒருத்திதானுங்க."

ரபீக் படத்தை நிறுத்தினான்.

"நீங்கதானுங்கக்கா சொன்னீங்க, 'அக்கா புராணம் வேண்டாம், என்னைப் பத்தி நானே பெருமையாப் போட்டுக்கறதுக்கு வெக்கமா இருக்கு, வெட்டிரு'ன்னு" என்று மெதுவாகச் சொன்னான் ரபீக்.

ஆமாம், அவள்தான் சொன்னாள். தன் புகழைத்தான் வெட்டச் சொன்னாள். 'மச்சானைத் தவிர' என்ற ஒரு வார்த்தையும் அதோடு போகிறது என்பதை யோசிக்கவே இல்லை. கூடப்பிறந்தவளின் புருஷனையே வீட்டுக்குள் விடமாட்டேன் என்று சொன்னவனாகத் தம்பியை உலகம் பூராவும் பார்த்துவிட்டது. சீப்புக்காரர்கள் அதற்காகவே அவனுக்குக் கைதட்டினார்கள். குடைக்காரர்கள் அதற்காகவே அவன் வாசலில் வெடி வைத்தார்கள். அவன் வாயைத் திறந்து என்ன சொல்லுவான்?

"அய்யோ, என்ன காரியம் பண்ணிட்டேன்!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள் சித்ரா. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடுத்த நிமிஷமே முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ரபீக், இந்தத் துண்டை மட்டும் எடு. ஏத்து. காத்தாடிக்கு நான் பதில் போடறேன்."

ஏற்றினார்கள். அந்தக் காலத்து இன்டர்நெட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? கோடு நகர்கிறதா நிற்கிறதா என்று மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். முக்கால்வாசி தாண்டி, இதோ முடிந்தது என்று ஷைமா கையை உயர்த்தியபோது கரண்ட் போயிற்று.

"போச்சு!"

"யூபிஎஸ் இருக்குல்ல? கம்ப்யூட்டர் எரியுதே!" என்றாள் சித்ரா.

"கம்ப்யூட்டர் எரியுதுங்க, நெட் பெட்டி அதுல மாட்டலையே!" ரபீக் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"மாட்டித் தொலையேன்!" ஷைமா மேசைக்கு அடியில் பாய்ந்தாள். யூபிஎஸ் பீப் பீப் என்று கத்த, அவள் வயரைப் பிடுங்கி மாற்ற, மறுபடி முதலில் இருந்து ஏற்ற, அந்தப் பத்து இருபது நிமிஷத்தில் சித்ரா வேண்டாத தெய்வமில்லை. கடைசியில் கோடு நிறைந்தது. ஷைமா எழுந்து துள்ளியதில் மேசை விளிம்பில் தலையை இடித்துக்கொண்டாள். இந்தமுறை நிஜமான தலைவலி.

சித்ரா எழுதினாள். 'காத்தாடி அவர்களுக்கு, உங்கள் கமெண்ட் நியாயம். வெட்டச் சொன்னது நான்தான். என் புகழை வெட்டுவதாக நினைத்து என் தம்பியின் மனசை வெட்டிவிட்டேன். அவன் பேசியது முழுக்க இதோ. தம்பி, அக்காளை மன்னிச்சுக்க.'

தெருவில் புல்லட் சத்தம் கேட்டது. கன்னையன் வந்து இறங்கினார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"என்ன அம்மிணி, கம்பெனியில கேட்டா தலைவலின்னு போயிட்டேங்கறாங்க, அத்தையைக் கேட்டா இங்க இருக்கறேங்கறாங்க? எங்க வார்டு ஆளு போன் போட்டு, உன்ற தம்பி என்னைப் பத்தி இன்னும் என்னமோ பேசறான்ங்கறாரு. இன்னும் என்னடா பாக்கி இருக்குது அவனுக்கு?"

"ஏனுங்க, வாயைத் தொறக்காம ஒரு நிமிசம் பாருங்க" என்று அவரைத் திரைக்கு முன்னால் நிறுத்தினாள் சித்ரா.

பார்த்தார். முடிந்ததும் மீசையைத் தடவினார். ரபீக்கைப் பார்த்து, "இன்னொருக்கா போடு தம்பி" என்றார். இரண்டாம் முறை பார்க்கும்போது அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார். "கெரகம் புடிச்ச கட்சியாமா! இவன் கட்சி மட்டும் என்னவாமா?" என்று முணுமுணுத்தார். குரலில் கோபம் இல்லை.

அப்போது சித்ராவின் செல்போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"நங்கையாங்களா?"

நங்கையா! கொங்கு மண்ணில் புருஷனின் அக்காளைப் பெண் அப்படித்தான் கூப்பிடுவாள். சித்ராவை அப்படிக் கூப்பிட இன்னும் யாருக்கும் உரிமை வரவில்லை. வெள்ளிக்கிழமைதான் வரும்.

"நான் உடுமலையில இருந்து ஆஷா பேசறனுங்க. நம்பர் அத்தைகிட்ட வாங்கினேன். நான்தானுங்க காத்தாடி. எங்க தோப்பைச் சுத்தியும் கரண்டு எடுக்கற காத்தாடிதானுங்க, அதனால அந்தப் பேரு."

சித்ரா திரையில் இருந்த அந்தப் பெயரைத் திரும்பிப் பார்த்தாள்.

"கோவிச்சுக்காதீங்க நங்கையா. உங்க வீடியோவைப் பாத்துட்டு அவரைக் கேட்டனுங்க. 'அக்கா புருசனையே ஊட்டுக்குள்ள உடமாட்டீங்களா? எங்கப்பாவும் குடைக்கட்சிதான், நாளைக்கு அவரு எங்க நிப்பாரு'ன்னேன். 'நான் பேசினது அது இல்லை, அக்கா வெட்டிட்டா'ன்னாரு. அப்ப அக்காகிட்டச் சொல்லுங்கன்னா, 'கூடப்பொறந்தவளுக்கே தெரியலைன்னா நான் எதுக்குச் சொல்றது'ன்னு வீம்பு. அதான் உங்களையே கேட்டேன்."

"அடி என்ற தங்கமே!" என்றாள் சித்ரா.

"இப்பத்தான் அவருக்குப் போன் போட்டனுங்க. அக்கா உங்க பேச்சு முழுசையும் போட்டுட்டாங்க, கூறைச்சேலையோட அந்த முனையை அவங்கதான் புடிக்கணும், வேற ஆளு புடிச்சா நான் கட்டமாட்டேன்னு சொல்லிட்டேன்."

"அதுக்கு என்ன சொன்னான்?"

"நீங்க எங்க இருக்கீங்கன்னு கேட்டாருங்க. நீங்க இந்தக் கடைக்குப் போனதா அத்தை சொன்னதைச் சொன்னேன். டொப்புன்னு வெச்சுட்டாரு."

சித்ரா போனைக் கீழே வைக்கவில்லை, வாசலில் பைக் நின்றது. நாச்சிமுத்து. அதே கட்சிக்கரை வேட்டி. உள்ளே வருவதா வேண்டாமா என்று செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்தே நின்றான். மே மாதம் ஓட்டு எண்ணியதற்குப் பிறகு அவனும் கன்னையனும் நேருக்கு நேர் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

கன்னையன் எழுந்தார். ஸ்டுடியோவில் இருந்த ஒரே ஸ்டூலைக் காலால் அவன் பக்கம் தள்ளினார். "ஒக்காரு மாப்ளே."

நாச்சிமுத்து உட்காரவில்லை. நேரே அக்காவிடம் வந்தான். என்னவெல்லாமோ சொல்ல நினைத்து வந்திருப்பான் போலிருக்கிறது. வாயைத் திறந்ததும் வந்தது இதுதான்: "ஏனக்கா வெட்டினே?"

"புத்தி கெட்டுப்போயி வெட்டிட்டேன் சாமி."

அவ்வளவுதான். அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அந்தப் பெரிய மீசைக்காரன் விம்மினான். ஷைமா வேறு பக்கம் பார்த்து மூக்கை உறிஞ்சினாள். ரபீக் எதற்கும் இருக்கட்டும் என்று கேமரா மூடியைத் திறக்கப்போனான். கன்னையன் ஒரு முறை முறைத்ததும் விட்டுவிட்டான்.

திரையில் புதுக் கமெண்டுகள் வர ஆரம்பித்திருந்தன. வாழ்த்தியவர்கள் நிறைய. ஆனால் சீப்புக்காரர்கள் சிலர், துரோகி, குடைக்காரனுக்கு நாற்காலி போடறவன் என்று பிடித்துக்கொண்டார்கள். நாச்சிமுத்து ஒவ்வொன்றாகப் படித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அக்கா, எனக்கு அடிக்கத் தெரியாது. நான் சொல்றேன், நீ அடி. 'என்ற பேரு நாச்சிமுத்து. வீடியோவுல பேசறது நான்தான். மொதல் பாதியும் நெசம், ரெண்டாம் பாதியும் நெசம். எனக்குக் கட்சி சீப்புத்தான், அதுல மாத்தமில்லை. வெள்ளிக்கிழமை காலைல எனக்குக் கண்ணாலம். எங்கக்கா இணைச்சீருக்கு நிக்கிறா. எங்க மச்சான் மொத வரிசையில ஒக்காருவாரு.' அடிச்சுட்டியா?"

"இருடா, எழுத்தே தெரியமாட்டேங்குது" என்றாள் சித்ரா. கண்ணீர் கீபோர்டில் சொட்டிக்கொண்டிருந்தது.

பதில் ஏறிய கொஞ்ச நேரத்திலேயே அதற்குக் கீழே ஒரு வரி வந்து விழுந்தது. 'மண்டப வாசல்ல நாங்க நிப்போம். குடைக்காரன் எவன் உள்ள வர்றான்னு பாக்கறோம்.'

நாச்சிமுத்துவின் முகம் வெளுத்தது. "இது எங்க நகரச் செயலாளர் மகன். எனக்குத் தெரியும், இந்தப் பேருலதான் அவன் எழுதுவான்" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "மண்டபமே அவங்களுதுக்கா."

கன்னையன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நான் ஒண்டி வரலீன்னா பிரச்சனையே இல்லை மாப்ளே. அக்கா வந்து சீரைச் செஞ்சுட்டு வரட்டும். நான் ஊட்டுலயே இருக்கேன். நல்ல நாளும் அதுவுமா எதுக்கு வம்பு?"

நாச்சிமுத்து மச்சானைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். பாவம், அவனுக்கு இரண்டு பக்கமும் இடி.

சித்ரா யாரையும் கேட்கவில்லை. கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள்.

'ஐயா, தங்கள் கமெண்ட் கிடைத்தது. என் தம்பி, நான், என் வீட்டுக்காரர் மூன்று பேரும் ஒரே வண்டியில் வருகிறோம். நன்றி.'

"அக்கா, யோசிச்சு..." என்று ஷைமா வாயெடுப்பதற்குள் சித்ரா பட்டனை அழுத்திவிட்டாள்.